பச்சை நூல் கட்டிய கோழிகள்

உப்புவெளியில் கடலுக்கும் நிலாவெளி வீதிக்கும் நடுவே கிடக்கும் குறுகிய ஒழுங்கைகளில் ஒரு கோழி தும்மினாலும் முதலில் கூப்பிடுவது சிவரூபியைத்தான். அவள் டொக்டரும் இல்லை, நர்சும் இல்லை. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். கணவன் இராகுலன் பழைய பற்றறிகளை உடைத்து ஈயம் உருக்கி, மீன்வலைக்குக் குண்டு வார்ப்பவன். ஏழு வருசத்துக்கு முன்னர் கால்நடை வைத்திய அலுவலகத்தார் பெண்களுக்கு மூன்று நாள் பயிற்சி வைத்தார்கள். ஒழுங்கையிலிருந்து போன மற்றவர்கள் மத்தியானச் சோற்றுப் பார்சலோடு திரும்பினார்கள். சிவரூபி மட்டும் வேலையைக் கற்றுக்கொண்டு திரும்பினாள்.

கோழிக் கழிச்சலுக்கான தடுப்பு மருந்தை ஊசியாகப் போடுவதில்லை, கண்ணில் ஒரு சொட்டு விட வேண்டும். கேட்க லேசாகத்தான் இருக்கும். போத்தலைத் திறந்து கரைத்துவிட்டால் இரண்டு மணித்தியாலத்துக்குள் நூறு கோழிக்கும் விட்டு முடிக்க வேண்டும், அதுவரை மருந்து குளிரில் இருக்க வேண்டும். மீன்வாடியில் ஐஸ் கேட்டு வாங்கி, குளிர் காக்கும் ரெஜிபோம் பெட்டிக்குள் போத்தலை வைத்து, விடியற்காலையில் கோழிகள் கூட்டைவிட்டு இறங்குமுன் அவள் புறப்பட்டுவிடுவாள். இறங்கிய ஊர்க்கோழியைப் பிடிப்பதும் தேர்தலில் வென்றவரைப் பிடிப்பதும் ஒன்று. சொட்டு விட்ட கோழியின் காலில் பச்சை வலைநூலால் ஒரு முடிச்சுப் போடுவாள். அது அவளுடைய கையெழுத்து. பச்சை நூல் கட்டிய கோழி சாகாது என்று ஒழுங்கையில் ஒரு நம்பிக்கையே வளர்ந்திருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது. இருந்தால் என்ன? ஊரில் எத்தனையோ பேர் ஒன்றும் செய்யாமலே பெருமைப்படுகிறார்கள்.

அவளுக்கும் இராகுலனுக்கும் பிள்ளைகள் இல்லை. பார்க்காத வைத்தியமில்லை, வைக்காத நேர்த்தியில்லை. பிறகு அந்தக் கதையை இருவரும் விட்டுவிட்டார்கள். முற்றத்தில் இருபது கோழி நின்றன. பக்கத்து வீட்டில் இரத்தினேஸ்வரி மாமியின் பேத்தி தர்சிகா இருந்தாள். நாலு வயதாகியும் அந்தப் பிள்ளையின் வாயில் பத்துச் சொல்தான். அந்தப் பத்தில் ஒன்று "கோழியன்ரி", சிவரூபிக்கு அவள் வைத்த பேர். அந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே சிவரூபி ஒரு நாளைக்கு நாலு தரம் வேலியோரம் போய் நிற்பாள்.

சொட்டு மருந்தைத் தவிர அவள் இன்னொன்றும் கொடுத்து வந்தாள். கோழிக்குப் பேன் பிடித்தால் சாம்பலில் புரளவிட வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரிந்த வைத்தியம். ஆனால் சாம்பலுக்கு எங்கே போவது? காசுக்கும் காஸ் கிடைக்காத வருசத்தில் எல்லாரும் விறகடுப்பு மூட்டினார்கள். சிலிண்டர் திரும்பி வந்த மறுநாளே அடுப்பை இடித்துக் குசினியைக் கழுவிவிட்டார்கள். கடற்கரை ஒழுங்கையில் நாள் தவறாமல் நெருப்பு எரிந்த ஒரே இடம் இராகுலனின் பட்டறைதான். தேங்காய்ப் பொச்சும் சிரட்டையும் எரித்த சாம்பல் அங்கே குவிந்து கிடந்தது. சிவரூபி அதை அரிதட்டில் அரித்து, தகரப் பால்மா ரின்களில் நிரப்பி, ஒழுங்கையின் பன்னிரண்டு வீட்டுக்கும் தன் கையாலே கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு வருசம் அப்படிக் கொடுத்தாள். ஒரு சதமும் வாங்கவில்லை.

கெட்டது முதலில் அவளுடைய வீட்டுக்குத்தான் வந்தது. அடை வைத்த முட்டையில் பாதி பொரிக்கவில்லை. பொரித்த குஞ்சுகளிலும் சில கால் பரந்து, எழுந்து நிற்க ஏலாமல் கிடந்து செத்தன. கண்ணூறு என்று நினைத்து மிளகாய் சுற்றிப் போட்டாள். பிறகு ஆடியில் எங்கிருந்தோ கழிச்சல் வந்தது. பச்சை நூல் கட்டிய அவளுடைய ஐந்து பேடுகள் கழுத்து முறுகி, பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து செத்துப்போயின. ஊர் எழும்புமுன் அவற்றைப் பூவரசுக்குக் கீழே புதைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டாள். கோழி வைத்தியம் பார்ப்பவளின் கோழியே செத்தால் ஊர் சிரிக்காதா? முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கலாம் என்று நினைத்தாள், பாவம்.

அடுத்த கிழமை ஒழுங்கை முழுக்கச் செத்தன. ஒரு வீட்டில் நாலு, இன்னொரு வீட்டில் ஏழு. இரத்தினேஸ்வரி மாமி செத்த மூன்று பேடுகளைக் காலில் பிடித்துத் தூக்கிவந்து சிவரூபியின் படலையடியில் போட்டார்.

"இஞ்ச பார், உன்ர பச்சை நூல்! மருந்தை எங்கயோ வெயிலில வைச்சுப் பழுதாக்கிப்போட்டு நூலைக் கட்டினாச் சரியே?"

"மாமி, மருந்து குளிராத்தான் இருந்தது. நான் கையால தொட்டுப் பாத்துப் பாத்துத்தான் விட்டனான்."

"ஓமோம், குளிரா இருந்ததெண்டு செத்த கோழி வந்து சாட்சி சொல்லும்! இனி என்ர படலைக்குள்ள பெட்டியைக் கொண்டு வராதை. பிள்ளைக்கு முட்டை குடுக்க ரெண்டு பேடுதான் மிச்சம். அதையும் சாக்காட்டிப்போடாதை."

ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. மாலைக்குள் ஒழுங்கை முழுவதும் அதே கதை. சிவரூபி காலாவதியான மருந்து வாங்கினாள் என்றார்கள். மீன் ஐசில் வைத்ததால் மருந்து கெட்டது என்றார்கள். ஐந்து கோழியைக் கள்ளமாகப் புதைத்ததும் எப்படியோ வெளியே வந்தது. அவள் குசினிக்குள் இருந்து அழுதாள். ஏழு வருசம் ஒரு விடியலும் பிந்தாமல் ஓடியவளுக்கு அந்த அழுகை நியாயமானதுதான்.

மறுநாள் செத்த கோழி இரண்டையும், சாகக் கிடந்த ஒன்றையும் பெட்டியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறித் திருகோணமலைக்குப் போனாள். அங்கே மிருக வைத்தியராக இருந்தவர் டொக்டர் அசனா. கிண்ணியாவைச் சேர்ந்த சின்ன வயதுப் பெண், ஆனால் பேச்சில் அவசரமில்லாதவர். சிவரூபி சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு ஒன்றைக் கேட்டார்.

"சிவரூபியக்கா, கடற்கரை ஒழுங்கைக்கு விட்ட அதே போத்தல்தானே கோயில் ஒழுங்கைக்கும்?"

"ஓம் டொக்டர். முதல்ல எங்கட ஒழுங்கை. அதை முடிச்சிட்டுத்தான் கோயில் ஒழுங்கைக்குப் போனனான்."

"கோயில் ஒழுங்கையில எத்தினை செத்தது?"

சிவரூபி யோசித்தாள். "ஒண்டும் சாகேல்ல."

"அப்ப மருந்து சூடாகிப் பழுதாயிருந்தா, பிந்தி விட்ட ஒழுங்கைதானே செத்திருக்க வேணும்?"

சிவரூபிக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் அசைந்தது. இவ்வளவு லேசான கணக்கு அழுதுகொண்டிருந்த தனக்கு ஏன் தோன்றவில்லை என்று நினைத்தாள்.

டொக்டர் ஒரு கோழியை மேசையில் வைத்து அறுத்தார். கோழிக்குப் பல்லில்லை. அது மண்ணையும் சின்னக் கல்லையும் கொத்தி விழுங்கி, அதைக்கொண்டுதான் வயிற்றுக்குள் இரையை அரைக்கிறது. அந்தத் தடித்த இரைப்பையைப் பிளந்து கழுவியபோது மணல், சிப்பித் துண்டு, அவற்றோடு குன்றிமணியிலும் சிறிய சாம்பல் நிறத் துளிகள் பத்துப் பன்னிரண்டு வந்தன. டொக்டர் ஒன்றைக் கத்தி முனையால் கீறினார். கீறிய இடம் பளிச்சென்று மின்னியது.

"இது ஈயம்," என்றார். "எங்கால வந்தது இது?"

சிவரூபிக்குத் தெரிந்தது. தினமும் முற்றம் கூட்டும்போது ஈர்க்குக்குள் சிக்கும் துளிகள் அவை. இராகுலன் உருக்கிய ஈயத்தின் மேல் படியும் கசண்டைக் கரண்டியால் வழித்து, கரண்டியைச் சாம்பலில் தட்டுவான். தட்டும்போது தெறிப்பவை அவை. அரிதட்டுப் பெரிய கட்டியைத்தான் பிடிக்கும். துளியும் தூளும் கீழே போய்விடும். கீழே பால்மா ரின் இருக்கும். எல்லாம் ஒரே நொடியில் அவளுக்கு விளங்கியது.

"தெரியாது டொக்டர்," என்று அவள் வாய் சொன்னது.

டொக்டர் அவள் முகத்தைப் பார்த்தார், ஆனால் வற்புறுத்தவில்லை. கையைக் கழுவிக்கொண்டு சொன்னார்: "தடுப்பு மருந்து வருத்தத்தைக் கொல்லுறேல்ல அக்கா. இந்த வருத்தம் வந்தா இப்பிடிச் சண்டை பிடி எண்டு உடம்புக்குப் படிப்பிக்கிறது. ஈயம் ஏறின உடம்புக்குப் படிப்பு ஏறாது. மருந்தும் சரி, நீங்கள் விட்டதும் சரி. படிக்க வேண்டிய உடம்புதான் ஏலாமல் கிடந்திருக்கு. குஞ்சு கால் பரந்து கிடந்ததுக்கும் இதுவே காரணமா இருக்கலாம். பேட்டில ஏறினது முட்டைக்கும் போகும்."

"முட்டைக்கும் போகுமோ?"

"ஓம். அதால அந்தக் கோழியளின்ர முட்டையை ஒருத்தரும் தின்னக்கூடாது. அதிலயும் சின்னப் பிள்ளையள் கட்டாயம் தின்னக்கூடாது. பிள்ளையளின்ர மூளை வளருற காலம். ஈயம் முதல்ல அங்கதான் கை வைக்கும். ஈரலை ஆய்வுக்கு அனுப்புறன். நீங்கள் ஒழுங்கைக்குப் போய்ச் சொல்லுங்கோ."

பிறகு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். மருந்திலும் அதைக் கொண்டுபோன முறையிலும் பிழை காணவில்லை, செத்த கோழிகளின் வயிற்றில் ஈயம் காணப்பட்டது என்று அதில் இருந்தது. ஈயம் எங்கிருந்து வந்தது என்று இல்லை. அவள்தான் தெரியாது என்று சொல்லிவிட்டாளே. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். அன்று பஸ்சில் இரண்டும் ஒரே ஆளின் மடியில் இருந்தன.

வீட்டுக்கு வந்தபோது இராகுலன் பின்வளவில் தாச்சியில் ஈயம் உருக்கிக்கொண்டிருந்தான். கரைவலைச் சம்மாட்டி வல்லிபுரத்தாருக்கு ஒரு முழு வலைக்கும் குண்டு கொடுக்க வேண்டும். கசண்டை வழித்தான், சாம்பலில் கரண்டியைத் தட்டினான். இருபது வருசமாக அவள் பார்த்த காட்சிதான். இன்றைக்கு மட்டும் அந்தத் தட்டுகிற சத்தம் அவளைத் தூக்கிவாரிப்போட்டது. கடிதத்தைக் காட்டி எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்பர் உருக்கினவர், நானும் உருக்கிறன். எங்களுக்கென்ன நடந்தது?" என்றான் அவன்.

"உங்களுக்கு வயித்துக்குத்து எப்ப தொடங்கினது? வாயுவெண்டு எத்தினை குளிசை போட்டனீங்கள்? பிடி இல்லாமல் விரல் நடுங்குதெண்டு போன மாசம் ஆர் சொன்னது?"

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னான்: "கடிதத்தில எங்கட பேர் இல்லையெல்லே. மருந்து பிழையில்லையெண்டு இருக்கு. அதைக் காட்டு, போதும். இனி ஒருத்தருக்கும் சாம்பல் குடாதை. நான் பட்டறையை வேற எங்கயாவது கொண்டுபோறன். பழசைக் கிண்டினா நாங்கள் இந்த ஒழுங்கையில இருக்க ஏலாது, சிவரூபி."

அவன் கெட்டவனில்லை. பயந்தவன், அவ்வளவுதான். அவளும் பயந்துதான் இருந்தாள். அன்று இருவரும் சாப்பிடாமலே படுத்தார்கள்.

விடிந்ததும் கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் இரத்தினேஸ்வரி மாமி வீட்டுக்குப் போனாள். கடிதத்தை மட்டும் காட்டுவது, முட்டை வேண்டாம் என்று மட்டும் சொல்வது, மற்றதை விட்டுவிடுவது என்று படலை வரைக்கும் முடிவோடுதான் போனாள். மாமி கண்ணாடியைப் போட்டு, உதட்டை அசைத்து, இரண்டு தரம் வாசித்தார். வாசித்து முடித்ததும் கடிதத்தை மடித்து, பிழை செய்த பிள்ளையைப் போல நின்றார்.

"நான் உன்னை வாயில வந்தபடி ஏசிப்போட்டன் பிள்ளை. படலையில கொண்டந்து போட்டனே, அதுவும் செத்த கோழியை! மனசில வைச்சிராதை. இந்தக் கதிரையில இரு, தேத்தண்ணி போடுறன்."

ஏச்சை வாங்கலாம். இப்படி ஒரு மன்னிப்பை எப்படி வாங்குவது? சிவரூபி கதிரையின் விளிம்பில் இருந்தாள். அந்த நேரம் பார்த்துத் தர்சிகா உள்ளேயிருந்து வந்தாள். கையில் தோல் உரித்த அவித்த முட்டை, ஒரு கடிகூடக் கடிக்காதது.

"கோழியன்ரி," என்று சொல்லி முட்டையை நீட்டிக் காட்டினாள். பிறகு அதை வாய்க்குக் கொண்டுபோனாள்.

சிவரூபி பாய்ந்து பிள்ளையின் கையிலிருந்து முட்டையைப் பறித்தாள். தர்சிகா வீறிட்டு அழுதாள். தேத்தண்ணிக் கோப்பையோடு வந்த மாமி வாசலில் அப்படியே நின்றார்.

"மாமி, இந்த முட்டை வேண்டாம். உங்கட கோழியிலயும் ஈயம் இருக்கு. அது நான் தந்த சாம்பலில இருந்து வந்தது. அவர் ஈயம் உருக்கிற அடுப்புச் சாம்பல். தெரியாமத் தந்தனான் மாமி. ஆனா தந்தது நான்தான். மருந்தில பிழையில்லை, சாம்பலிலதான் பிழை. அந்தப் பிழை என்ர."

 மாமி கோப்பையை மேசையில் வைத்துவிட்டுக் குசினிப் பின்புறம் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு சிரட்டை இருந்தது. அதில் பாதிக்குச் சாம்பலும், அதன் மேல் ஈரத் தும்பும்.

"கோழிக்கு மட்டுமெண்டு நினைச்சியே?" என்றார்.  "நல்ல அரிச்ச சாம்பலெண்டு, ரெண்டு வருசமா நான் இதாலதான் சட்டி பானை தேய்க்கிறன். இவளின்ர பால் கோப்பையும் இதாலதான் தேய்க்கிறன்."

இது சிவரூபியின் கணக்கில் இல்லாதது. கோழி, முட்டை, இவ்வளவோடு விட்டுவிடும் என்று நினைத்திருந்தாள். அழுது களைத்துத் தன் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நின்ற பிள்ளையைப் பார்த்தாள். பத்துச் சொல். தகப்பனும் பிந்திக் கதைத்தவன்தான் என்று மாமி எல்லாருக்கும் சொல்லி வந்தார். அது சரியாகவும் இருக்கலாம். இனிமேல் அதைச் சிவரூபியால் நம்ப முடியாது. அவள் தரையில் குந்தி, முகத்தைப் பொத்திக்கொண்டு, வெட்கம் பாராமல் அழுதாள்.

மாமி ஏசத் தொடங்கினார். அப்பப்பா, என்ன ஏச்சு! இராகுலனையும் அவன் தகப்பனையும் பற்றறி விற்றவனையும் ஏசினார். காசில்லாமல் கிடைக்கிறதென்று கை நீட்டி வாங்கிய தன்னையும் ஏசினார்.  ஏசி ஏசி மாமிக்குத் தொண்டை வறண்டது. சிவரூபிக்குப் போட்ட தேத்தண்ணியைத் தானே எடுத்து மடமடவென்று குடித்தார்.

"இப்ப என்ன செய்யவேணும்? அதைச் சொல்லு," என்றார்.

"பிள்ளையைப் பெரியாசுபத்திரிக்குக் கொண்டுபோய் இரத்தம் பாக்கவேணும். இண்டைக்கே போவம், நானும் வாறன். அதுக்கு முதல் மற்றப் பதினொரு வீட்டுக்கும் போய்ச் சொல்லவேணும். ரின்னுகளையும் முட்டையையும் வாங்கவேணும். சாம்பலை வேற என்னத்துக்குப் பாவிச்சவையெண்டு ஒவ்வொருத்தரையும் கேக்கவேணும்."

பின்னால் நடந்ததில் கொஞ்சத்தை இங்கேயே சொல்லிவிடலாம். தர்சிகாவின் இரத்தத்தில் ஈயம் இருந்தது. மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது பாதியாகக் குறைந்திருந்தது. பேச்சு வருமா என்று கேட்டதற்கு, பழக்கிப் பார்ப்போம் என்றார்கள், அதற்குமேல் ஒருவரும் வாக்குக் கொடுக்கவில்லை. இராகுலனின் இரத்தத்தில் இருந்த அளவைப் பார்த்து டொக்டர்மார் அவனை ஆசுபத்திரியிலேயே மறித்துவிட்டார்கள். அவன் தாச்சியைத் தொட்டு இப்போது ஒரு வருசமாகிறது. கழுவி மண் மாற்றிய முற்றங்களில் புதுக் கோழிகள் நிற்கின்றன. சிவரூபி இன்றைக்கும் பெட்டியோடு வருகிறாள். போத்தலைத் திறக்குமுன், கோழி எங்கே மேய்கிறது, எதைக் கொத்துகிறது என்று கேட்டுவிட்டுத்தான் திறக்கிறாள்.

ஆனால் அன்று காலையில் இதில் ஒன்றும் அவளுக்குத் தெரியாது. பதினொரு படலை இருந்தது, அவ்வளவுதான் தெரியும். முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து ஒழுங்கையில் இறங்கினாள்.  பின்னால் செருப்புச் சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஒரு கையில் தர்சிகாவையும் மறு கையில் பால்மா ரின்னையும் பிடித்தபடி இரத்தினேஸ்வரி மாமி வந்துகொண்டிருந்தார். வாய் இன்னும் ஓயவில்லை.

முதல் படலை பிரசாந்தியுடையது. ஏழு கோழியைப் பறிகொடுத்தவள். சிவரூபி சொல்லத் தொடங்கி, சாம்பல் என்ற இடத்துக்கு வந்ததும், பிரசாந்தி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். மாமி குறுக்கே போய் நின்றார்.

"நில்லு பிள்ளை. உன்ர பங்குக்கும் சேத்து நான் ஏசி முடிச்சிட்டன். நீ போய் முட்டையை எடுத்துக்கொண்டு வா."